இரண்டு டிரம் தீனி

மூன்று மாதத்தில் நட்டு மூன்று கிலோ நானூறு கிராம் இளைத்திருந்தது. சொன்னவர் எடைக்காரர் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பழைய இரும்புக் கிடங்கின் எடைமேடையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார் அவர். தண்ணீர் தெளித்துக் கனமாக்கிய அட்டைக்கட்டு, மோட்டாருக்குள் திணித்த களிமண், செம்புக்கம்பிச் சுருளுக்கு நடுவில் குந்தியிருக்கும் கருங்கல் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போனதில்லை. ஒரு ஆள் வாயைத் திறந்தாலே இதில் சரக்கு எவ்வளவு, மண் எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிற புத்தி அவருக்கு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவி ரசத்தை ஊற்றினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். “என்னை மட்டும் எப்படி எடை போடாமக் கட்டிக்கிட்டீங்க?” என்பாள் அவள். “போட்டேன், அப்ப நாப்பத்தஞ்சு” என்பார். கிடங்கில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கிராம்’ என்று பெயர்.

நட்டு அவர் வளர்த்த நாய். ஐந்து வருடத்துக்கு முன்பு நட்டு போல்ட்டுக் குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்ததை எடுத்து, பஞ்சை நனைத்துப் பால் புகட்டி ஆளாக்கினார். கிடங்கின் வேலியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சுற்றி வரும். அடிவயிறு ஒட்டி, நெஞ்சு அகன்று, இருபத்தெட்டு கிலோ. இப்போது விலா எலும்பு ஒவ்வொன்றையும் தூர நின்றே எண்ணலாம். நாலு சுற்றுப் போனதும் கிரேன் நிழலில் படுத்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் எவனோ வேலியைத் தாண்டி வந்து ஒரு சுருள் செம்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நட்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்துக்கொண்டதாம்.

முதலாளியம்மா ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“காவல் கம்பெனிக்காரங்க பழக்கின நாயோட வர்றேங்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். நாய் தேறுற வழி தெரியணும். இல்லைன்னா யாராவது கேட்டா குடுத்துடுங்க.”

‘குடுத்துடுங்க’ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எலும்பும் தோலுமான ஐந்து வயது நாயை எவனும் கேட்க மாட்டான். ஏதாவது ஒரு லாரியில் ஏற்றி, திரும்பி வர முடியாத தூரத்தில் இறக்கிவிடுவார்கள். மாசக் கடைசிக்குப் பதினாறு நாள் இருந்தது.

யார் செய்கிற வேலை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எப்படிச் செய்கிறான் என்பதுதான் பிடிபடவில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு புதுக் காவல்காரர் வந்து சேர்ந்தார். வேறொரு கிடங்கை இழுத்து மூடியதும் அங்கிருந்து வந்தவர். அறுபதைத் தாண்டிய ஆள். வரும்போதே ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். துரை என்று பெயர், பன்னிரண்டு வயது, மூஞ்சியெல்லாம் வெள்ளை. “நான் வரணும்னா இவனும் வருவான்” என்று முதலாளியம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அதுவரை நட்டுவுக்குக் கேன்டீன் மிச்சம்தான், அதற்கப்புறம்தான் கடையிலிருந்து நாய்த்தீனி வர ஆரம்பித்தது. முதல் தடவை இரண்டு மூட்டை வந்தபோது, “ரெண்டும் வேற வேற. கடைக்காரர் ரெண்டு நாயோட விவரமும் கேட்டுத்தான் குடுத்திருக்கார். மாத்திப் போட்டுடாதீங்க” என்று எடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். மூட்டைமேல் எழுதியிருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். எலி கடிக்காமல் இருக்க இரண்டு இரும்பு டிரம்மில் தனித்தனியே கொட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று, இரண்டு என்று எழுதினார். ஒன்று நட்டுவுக்கு, இரண்டு துரைக்கு. காலி மூட்டைகள் அன்றைக்கே பித்தளைத் தூள் கட்டப் போய்விட்டன. அடுத்தடுத்து வந்த மூட்டைகளையும் அப்படியே கொட்டினார்.

அந்தக் கிடங்கில் எல்லாமே வரிசைப்படிதான். எடைமேடைச் சுவரில் ஒரு பலகை தொங்கும், சேர்ந்த தேதிப்படி எல்லார் பெயரும் அதில் இருக்கும். நிழலான வேலை, ஞாயிறு லீவு, முதல் டீ எல்லாம் மேலே இருப்பவனுக்கு. வயதெல்லாம் அங்கே செல்லாது. ஐம்பத்திரண்டு வயது லோடுமேன் ஒருவர் முப்பது வயதுக்காரனை “சீனியரே, கொஞ்சம் கை குடுங்க” என்று கூப்பிடுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள். காவல்காரர் வந்த இரண்டாம் நாள் எடைக்காரரை “தம்பி” என்று கூப்பிட்டுவிட்டார். செம்பு பிரிக்கிற பெண்ணுக்குச் செம்பு என்றே பெயர், அவள்தான் இடைமறித்தாள்.

“யாரு யாருக்குத் தம்பி? அவரு பத்தொன்பது வருஷம். நீங்க ரெண்டு நாள். அண்ணன்னு சொல்லுங்க பெரியவரே, இல்லைன்னா இங்க டீ கிடைக்காது.”

அதிலிருந்து அறுபது வயது ஆள் ஐம்பது வயது ஆளை அண்ணே என்கிறார். சொல்லும்போதெல்லாம் உதட்டோரத்தில் ஏதோ ஒன்றை அடக்கிக்கொள்வது போல இருக்கும். எடைக்காரர் அதையும் குறித்து வைத்திருந்தார்.

முதலாளியம்மா கூப்பிடுவதற்கு முன்பு வரை திருட்டு என்றுதான் நினைத்தார். தீனி அறைச் சாவி அவரிடம். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் திறந்துவிடுவார், காவல்காரர் அள்ளிப் போடுவார். டிரம்மைத் தராசில் ஏற்றி, ஒரு வாரம் இரண்டு வேளையும் எடை எடுத்தார். ஒரு கிராம் பிசகவில்லை. யோக்கியன் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று அப்போதுதான் அவருக்கு உறுத்தியது.

அடுத்ததாக, நட்டுவின் பங்கைத் துரைக்குத் தள்ளுகிறான் என்று நினைத்தார். துரையும் அதற்குத் தோதாக ஊதிக்கொண்டே போயிற்று. வந்தபோது எழுந்து நடமாடிய கிழம், இப்போது பீப்பாய் மாதிரி வயிற்றைப் போட்டுக்கொண்டு, பத்தடி நடப்பதற்குள் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் வற்றுகிறது, இன்னொரு பக்கம் நிரம்புகிறது. நடுவில் ஏதோ குழாய் இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் எடைமேடை ஜன்னலிலிருந்து பார்த்தார். நட்டு தன் தட்டைக் கடைசிப் பருக்கை வரை நக்கியது. துரை பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்பது போல் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு அவர் காலடிக்கு வந்தது.

“இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டா என்னவாம்?” என்றாள் செம்பு.

“அளவு கடைக்காரர் குடுத்த சீட்டுல இருக்கு. வேலியச் சுத்துற நாய்க்கு இவ்வளவு, சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவுன்னு. கேன்டீன் சோத்துல பாதிகூடத் தேவைப்படாது, அவ்வளவு சத்தாம். இதுல ஏதோ உள்வேலை இருக்கு.”

“உங்களுக்கு மழை பெஞ்சாலும் மேகத்துல உள்வேலை.”

“நீ சிரி. நான் கண்டுபிடிக்கிறேன்.”

கண்டுபிடித்தார். நாலாம் நாள் மாலை, தட்டு வைத்து முடித்த பிறகு காவல்காரர் துரையின் தட்டைத் தூக்கிக்கொண்டு பழைய கன்டெய்னருக்குப் பின்னால் போனார். எடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, தகரக் குவியல் ஓரமாகப் போய்ப் பார்த்தார். காவல்காரர் ஒரு இரும்புத் தகட்டின்மேல் எதையோ வைத்து, பெரிய போல்ட்டால் இடித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் இருக்கக் கீழே சாக்கு. அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இடித்த தூளைக் கையில் வழித்து எடுத்தார்.

“என்னய்யா இடிக்கிறே?”

காவல்காரருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. கையை மூடிக்கொண்டார்.

“ஒன்னுமில்லண்ணே.”

“ஒன்னுமில்லாததையா இவ்வளவு பாடுபட்டு இடிக்கிறே?”

“மாத்திரைண்ணே. முட்டிவலிக்கு. முழுசா முழுங்க முடியல.”

“போல்ட்டாலயா இடிப்பாங்க மாத்திரைய?”

“இங்க வேற என்ன கிடக்கு?”

பதில் சரியாகத்தான் இருந்தது. எடைக்காரர் நம்பவில்லை. மாத்திரைத் தூள் வெள்ளையாக இருக்கும். அந்த ஆள் விரலிடுக்கில் ஒட்டியிருந்தது பழுப்பு நிறம். எடை சரியாக இருக்கிறது, நாயும் முழுசாகத் தின்கிறது, ஆனாலும் வற்றுகிறது. அப்படியானால் தீனியோடு வேறொன்று உள்ளே போகிறது. நட்டு செத்துத் தொலைந்தால் அவன் கிழட்டு நாய் ஒன்றே கிடங்குக்கு நாய். அவனை யாரும் அசைக்க முடியாது. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“நீங்க சொன்னா நம்புவேன். ஆனா ஒரு ஆளை வெளியே அனுப்பணும்னா கையில காகிதம் வேணும். டாக்டர்கிட்டக் கொண்டு போங்க. விஷம், கலப்படம், எதையாவது எழுதிக் குடுக்கட்டும். அவரையும் அவர் நாயையும் அன்னைக்கே அனுப்பிடறேன். உங்க நட்டு இங்கயே இருக்கட்டும், தேறுற வரைக்கும்.”

எடைக்காரருக்குப் பாதி உயிர் வந்தது. அன்று மாலையே நட்டுவின் தட்டிலிருந்து ஒரு பிடி தீனியை எடுத்தார். துரையின் தட்டிலிருந்தும் ஒரு பிடி. ஏமாற்றுச் சரக்குக்கு மாதிரி எடுக்கிற முறைப்படி இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, அரக்கு வைத்து, மேலே தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா அந்தப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினாள். நட்டுவை மேசைமேல் நிறுத்தி, விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். ஈறைப் பார்த்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நட்டு அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டிருந்தது. எலும்பு குத்தியது.

“விஷம் தின்ன நாய் இல்லைங்க இது” என்றாள் திரும்பி வந்து. “கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் நல்லா இருக்கு. வயித்துல பூச்சியும் இல்ல. பட்டினி கிடக்குற நாய் மாதிரி இருக்கு.”

“ரெண்டு வேளையும் தட்டு நிறையத் தின்குது, டாக்டரம்மா. நானே பாத்தேன். அதனாலதான் சொல்றேன், அவன் எதையோ கலக்கறான். பொட்டலத்தைப் பிரிச்சுப் பாருங்க. அரக்கு உடையாம இருக்கான்னு மொதல்ல பாத்துக்குங்க.”

அவள் அரக்கை உடைத்தாள். நட்டுவின் பொட்டலத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், நகத்தால் அழுத்தினால் உடைந்தன. துரையின் பொட்டலத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்குப் பெரிய துண்டுகள், கல்லு மாதிரி, எண்ணெய்ப் பளபளப்போடு. கூடவே கொஞ்சம் பழுப்புத் தூள். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்த உருண்டை யாருக்குப் போடுறது?”

“இவனுக்கு.”

“மூட்டைல என்ன எழுதியிருந்துச்சு?”

“சீனியர்னு. அதெல்லாம் நான் சரியாப் பாத்துத்தான் கொட்டினேன்.”

“இவனுக்கு என்ன வயசு?”

“அஞ்சு.”

“அப்புறம் எதுக்கு சீனியர் தீனி?”

இதென்ன கேள்வி என்பது போல் அவர் பார்த்தார். “இவன்தானேங்க எங்க கிடங்குல சீனியர். அஞ்சு வருஷ சர்வீஸ். இன்னொருத்தன் வந்து நாலு மாசம்தான் ஆகுது.”

டாக்டரம்மா கையிலிருந்த துண்டை மேசையில் வைத்தாள். சிரிக்கப் போகிறாள் என்று தெரிந்தது. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள், முடியவில்லை. பக்கத்திலிருந்த கம்பவுண்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னொரு மூட்டைல?”

“அடல்ட்னு. அந்த வார்த்தைய நான் சினிமா போஸ்டர்லதான் பாத்திருக்கேன், பதினெட்டு முடிஞ்சவங்களுக்குன்னு. அந்தக் கிழத்துக்கு நாய்க்கணக்குல அது எப்பவோ முடிஞ்சதுதானே? அதனால…” அவர் நிறுத்திக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருக்கே காதில் வேறு மாதிரி விழுந்தது.

“சீனியர்னா வயசான நாய்ங்க. வேலைக்குச் சேர்ந்த தேதியை நாய்த்தீனிக் கம்பெனி பாக்குறதில்ல” என்றாள் அவள், இப்போது மெதுவாக. “பன்னிரண்டு வயசு நாய் அதிகம் ஓடாது. அதனால சக்தி கம்மியா, நார் கூடுதலா, பல்லுக்கு மெத்துனு செஞ்சிருப்பாங்க. அதைப் போய், நாள் பூரா வேலியச் சுத்துறவனுக்குப் போட்டா? வயிறு ரொம்புது, உடம்புல ஒட்டல. அந்தப் பெரிய துண்டுல கொழுப்பும் புரதமும் தூக்கல், வேலை செய்யுற நாய்க்கானது. அதைக் கிழவன் தின்னா ஊதித்தான் போவான். மூட்டு தாங்குமா? மூச்சு வாங்குதா அவனுக்கு?”

“வாங்குது.”

“பல்லு இருக்கா?”

எடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. தூளைப் பார்த்தார். தெரிந்துவிட்டது.

“இந்தத் துண்டைக் கடிக்க முடியாம யாரோ இடிச்சுக் குடுத்திருக்காங்க” என்றாள் அவள். “கலப்படம் இல்ல. அதே தீனிதான்.”

பிறகு சொன்னதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைக் கால் பங்கு சேர்த்து, பத்து நாளில் மெதுவாக மாற்ற வேண்டும். கிழவனைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும், அவன் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் தீனி என்று முடிவாகச் சொல்ல முடியும். தட்டில் எவ்வளவு என்பதற்குச் சீட்டை மட்டும் நம்பக் கூடாது, வாரா வாரம் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. “இவன் பழைய எடைக்கு வர எட்டு வாரமாவது ஆகும். அவசரப்பட்டு அள்ளிப் போட்டுடாதீங்க, பேதியாகும்.”

எட்டு வாரம். மாசக் கடைசிக்கு இருந்தது பதினோரு நாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் மனம் அதன் போக்கில் ஓடியது. பத்தொன்பது வருடம் ஊரான் தப்பைப் பிடித்த ஆளின் தப்பைக் கிடங்கே பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறது. காலத்துக்கும் சிரிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தப்பு எடைக்காரருடையது என்று தெரிந்தால் முதலாளியம்மா நட்டுவுக்கு எதற்கு அவகாசம் தருவாள்? காவல்காரனுடையது என்றால் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அள்ளிப் போட்டதெல்லாம் அவன் கை. டிரம்மை மாற்றிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்புவார்கள். ஒரே ஒரு சிக்கல்தான். மூடியில் இருக்கும் ஒன்றும் இரண்டும் அவர் எழுத்து.

கிடங்குக்கு வந்ததும் நட்டுவை அவிழ்த்துவிட்டார். தீனி அறையைத் திறந்தார். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வைத்துக்கொண்டு மூடிகளைப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு அளவு, மாற்றி மூட முடியாது. ஒன்றை இரண்டாக்க ஒரு சுழி போதும். இரண்டை ஒன்றாக்கத்தான் சுரண்ட வேண்டும். சுரண்டலாம்.

“என்னண்ணே, திடீர்னு பெயிண்ட்?”

வாசலில் காவல்காரர். பின்னால் துரை, கதவு வரைக்கும் வந்ததிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டது.

“மங்கிப் போச்சு. அதான்.”

காவல்காரர் மூடிகளைப் பார்த்தார். ஒன்றும் மங்கியிருக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார், கடைசியில் எடைக்காரர் முகத்தைப் பார்த்தார்.

“மூணு மாசமா நானும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாவி உங்க கையில. டிரம்மைத் துழாவுறீங்க, எடை போடுறீங்க, என் பின்னாடியே செருப்பைக் கழட்டிட்டு வர்றீங்க. என் நாய் நடக்க முடியாம வீங்குது. தீனில நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத்தான் தெரியல.”

“நானா? நான் பண்றேனா?”

“பின்ன யாரு? நாய் போனா நானும் போயிடுவேன்னு கணக்கு. அது தெரியாத ஆளா நான்? வந்த நாள்லருந்தே உங்களுக்கு என்னைக் கண்டா ஆகாது.”

தன்னை ஒருவன் சந்தேகப்படுவான் என்று எடைக்காரருக்குத் தோன்றியதே இல்லை. தராசின் தட்டில் ஏறி உட்கார்ந்தது போல் இருந்தது. துரை மூச்சு விடும் சத்தம் மட்டும் அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டு கேட்டது. அவர் குனிந்து, அதன் உதட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். கடைவாயில் ஒரு பல்கூட இல்லை.

“இதை ஏன்யா மறைச்சே?”

“பல்லில்லாத காவல் நாய வச்சுக்குவீங்களாக்கும்?” காவல்காரர் குரல் இறங்கிவிட்டது. “அங்கயும் அப்படித்தான் இடிச்சுக் குடுத்தேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

எடைக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். நல்ல மனது பொங்கி வந்து ஒன்றும் வைத்துவிடவில்லை. இந்த ஆள் இப்போதே பார்த்துவிட்டான், பெயிண்டும் காய இரண்டு மணி நேரம் ஆகும். அவர் அந்தக் கணக்கும் போட்டார். ஆனால் அந்தச் சிவந்த ஈறு கண்ணைவிட்டுப் போகவில்லை.

“டிரம் ரெண்டும் மாறிப் போச்சு. மொதல் நாளே. நான்தான் மாத்தினேன்.”

“எதுக்கு?”

“வேணும்னு இல்லய்யா. சீனியர்னு போட்டிருந்துச்சு. நட்டுதானே சீனியர்னு…”

காவல்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை.

“அப்ப என் நாய் மூணு மாசமா இப்படித் தவிக்கிறது உங்க பலகையாலதான். வயசுக்கு மரியாதை இல்லாத இடம்னு வந்த அன்னைக்கே நினைச்சேன். நாய்க்குமா?”

“டாக்டர் இவனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

“கூட்டிட்டுப் போறேன். நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க வேண்டாம். மொதல்ல வாங்க, அந்தம்மாகிட்ட இதை உங்க வாயால சொல்லுங்க.”

முதலாளியம்மா டாக்டரின் சீட்டை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் எடைக்காரரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. செம்புச் சுருளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவுகிற பார்வை.

“பத்தொன்பது வருஷத்துல நீங்க ஒரு கிலோ தப்பா எழுதினதில்ல. நேத்து வந்து இவர்தான் விஷம் வைக்கிறார்னீங்க. இன்னைக்கு இவரையே பக்கத்துல நிறுத்திக்கிட்டுத் தப்பு என்னோடதுங்கறீங்க. என்ன நடக்குது? இவர் உங்களை மிரட்டினாரா?”

“இல்லம்மா.”

“வேற ஏதாவது பேசி முடிச்சுக்கிட்டீங்களா ரெண்டு பேரும்?”

“அம்மா, நான் அவ்வளவு புத்திசாலி இல்ல” என்றார் எடைக்காரர். “சீனியர்னா சர்வீஸ்னு நினைச்சேன். அவ்வளவுதான். வேணும்னா வெளியில யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க, நம்ம கிடங்குல எந்த நாய் சீனியர்னு.”

அவள் ஜன்னலைத் திறந்து செம்பைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“இதென்னம்மா கேள்வி? நட்டுதான்” என்று கத்தினாள் செம்பு, கையிலிருந்த கம்பியைக்கூடக் கீழே வைக்காமல். “துரை நேத்துப் பய.”

முதலாளியம்மா ஜன்னலைச் சாத்தினாள். சீட்டை மூன்றாம் தடவை படித்தாள்.

“எட்டு வாரம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. எட்டு வாரம் தர்றேன். காவல் கம்பெனிக்கு அப்புறம் சொல்லிக்கிறேன். ஆனா வாரா வாரம் எடை ஏறணும், எழுதி எனக்கு வரணும். ஒரு வாரம் ஏறலைன்னாலும் நட்டு இங்க இல்ல.” பிறகு கையை நீட்டினாள். “தீனி அறைச் சாவி.”

அவர் கொடுத்தார். அவள் அதை அப்படியே காவல்காரர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த வாரம் முழுக்க எடைமேடை ஜன்னலைத் தாண்டுகிற லோடுமேன்கள் ஒவ்வொருவரும் “சீனியர் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எடைக்காரர் பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காலையும் மாலையும் தீனி அறை வாசலில் போய் நிற்பார். காவல்காரர் முக்கால் பங்கு இதில், கால் பங்கு அதில் என்று கலந்து, இரண்டு தட்டையும் அவர் கண்முன் ஆட்டிக் காட்டிவிட்டு வைப்பார். பேச்சு கிடையாது. அண்ணே என்பதும் நின்றுபோயிற்று. துரைக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பழுது என்று டாக்டர் சொல்லி, அதற்கென்று தனித் தீனி எழுதிக் கொடுத்திருப்பதாகச் செம்பு மூலமாகத்தான் எடைக்காரருக்குத் தெரிந்தது. மூன்றாவது டிரம் ஒன்று வந்தது. அதன் மூடியில் எண் எதுவும் இல்லை.

எட்டாம் நாள் நட்டுவை எடை போட வேண்டும். செம்புப் பிரிவில் இருக்கும் முள்ளுத் தராசுக்கு அவர் நட்டுவை ஓட்டிக்கொண்டு வரும்போது, காவல்காரர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

“நான் எழுதிக்கிறேன். நீ எதுக்கு?”

“நீங்க எழுதுறதை நம்பி நான் எதுக்கு இருக்கணும்? ஏறலைன்னா நான் சரியாப் போடலைன்னு சொல்வீங்க.”

நட்டுவைத் தூக்கி மேடையில் நிறுத்தினார்கள். அது இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. வால் ஆட ஆட முள்ளும் ஆடியது. எடைக்காரர் குனிந்து நாயின் நெஞ்சைத் தடவிக்கொடுத்தார். ஆட்டம் நின்றது.

“இருபத்தஞ்சு நானூறு” என்றார். “எண்ணூறு கிராம் ஏறியிருக்கு.”

காவல்காரர் முள்ளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலை எடுங்க.”

எடைக்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் பெருவிரல் மேடையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. எப்போது ஏறியது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவரே நம்பியிருக்க மாட்டார். காலை இழுத்துக்கொண்டார்.

முள் இறங்கியது. இறங்கி, நடுங்கி, நின்றது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட, கண்ணை இடுக்கிக்கொண்டு கோடுகளை எண்ணினார்கள்.

“இருபத்தஞ்சு” என்றார் காவல்காரர்.

“இருபத்தஞ்சும் ஒரு கோடும்.”

“கோடெல்லாம் இல்ல. இருபத்தஞ்சு. நானூறு ஏறியிருக்கு, அது போதும். எழுதுங்க, நான் பாக்குறேன்.”

எடைக்காரர் எழுதினார். காவல்காரர் சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.